கையெழுத்துக்குப் பிறகு யார்?

 

சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்துவதில் சிவில் சமூகத்தின் பங்கு. இதுதான் இன்று நான் பேச வேண்டிய பொருள். கொழும்பில் குளிரூட்டிய மண்டபம் ஒன்றில் பேச வேண்டிய விஷயத்தைப் பதுளையில் ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நான் கேட்கிறேன்: இந்த நாட்டில் சர்வதேச உடன்படிக்கை ஒன்றினால் வாழ்வு தலைகீழாகப் புரண்ட மக்கள் யார்? கொழும்பில் இருப்பவர்களா? இல்லை. மலையகத் தோட்டத் தமிழராகிய நாம்தான். நம் பாட்டன் பாட்டிமார்தான். ஆகவே இதைப் பற்றிப் பேச நம்மைவிட உரிமை உள்ளவர் இந்த நாட்டில் எவரும் இல்லை.

1964 ஒக்டோபர் 30. புதுடில்லி. ஒரு பக்கம் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க. மறுபக்கம் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. நடுவில் ஒரு மேசை. அந்த மேசையின் மேல் 975,000 மனிதர்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேர்? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1974இல், அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அந்த மேசையில் நம்மவர் ஒருவராவது இருந்தாரா? இல்லை. தோட்டத்தில் யாரையாவது கேட்டார்களா? இல்லை. 1947 பொதுத் தேர்தலில் நாம் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் காலடி நிலத்தை இழுத்தது. அடுத்து வாக்கும் போயிற்று. வாக்கில்லாதவனை யார் கேட்பார்கள்? கேட்கவில்லை. கேட்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு, எந்த நாட்டுப் பிரஜாவுரிமை வேண்டும் என்று விண்ணப்பம் கோரினார்கள். அப்போது நடந்ததை நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இலங்கைக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் இங்கேயே இருக்க விரும்பி விண்ணப்பித்தார்கள். இந்தியாவுக்கென்று ஒதுக்கிய எண்ணிக்கையோ நிரம்பவில்லை. எங்கள் வீடு எது என்று நம் மக்கள் பேனாவாலும் கைநாட்டாலும் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கணக்கு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. கணக்குக்குத் தகுந்தபடி மனிதர்களைப் பிரித்தார்கள்.

எப்படிப் பிரித்தார்கள்? ஒரே லயத்தில் ஒரு காம்பராவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, பக்கத்துக் காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அண்ணன் போக வேண்டும், தங்கை இருக்க வேண்டும். பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறியவர்கள் தலைமன்னாரில் இறங்கி, இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போய், மண்டபம் முகாமில் வரிசையில் நின்றார்கள். அந்தக் கோச்சிக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பதுளை, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்றபோது, பிளாட்பாரத்தில் நின்றவர்களும் அழுதார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள். அந்த அழுகை பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டா?

மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். போன இடத்தில் நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. அவர்கள் பாடு பரவாயில்லை. பலருக்கு வியாபாரக் கடன் என்று ஒரு தொகையைக் கொடுத்து, வாழ்நாளில் கடையே வைத்திராதவனைக் கடை வைக்கச் சொன்னார்கள். கடன் தீர்ந்தது, கடையும் தீர்ந்தது. கொடைக்கானல் மலைப்பக்கம் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. கப்பலிலிருந்து இறங்கியவன் கையில் ஒரு தாளைக் கொடுத்ததோடு இரண்டு அரசாங்கங்களின் வேலையும் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனைத் தேடிப் போனவர்கள் யார்? தொண்டு அமைப்பினர், சில வழக்கறிஞர்கள், சில பாதிரியார்கள். இந்தப் பக்கமும் அப்படித்தான்.

இந்தப் பக்கத்தில் இரண்டு பெயர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டி ஆயர் என்ற பெரிய பொறுப்பை விட்டுவிட்டு, ஏழை மாவட்டமாகிய இங்கே விரும்பி வந்தவர் ஆயர் லியோ நாணயக்கார. சிங்களவர். தோட்டத்து மக்களோடும் கிராமத்து விவசாயிகளோடும் வாழப் பழகாதவன் குருவாக முடியாது என்ற எண்ணத்தோடு பண்டாரவளையில் சேவக செவன என்ற பயிற்சி நிலையத்தைத் தொடங்கியவர். அதே 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை ஆரம்பித்தவர் அருட்தந்தை போல் கஸ்பர்ஸ். தோட்டங்களில் பட்டினி வாட்டிய எழுபதுகளில், நாடற்றவர் என்று நம்மைச் சட்டமே அழைத்த காலத்தில், இவர்கள் நம் பக்கம் நின்றார்கள். இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? எந்த ஒப்பந்தத்தில் இவர்கள் பெயர் இருந்தது? எதிலும் இல்லை. சிவில் சமூகம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். எவரும் நியமிக்காமலே, ‘இது என் வேலை’ என்று எழுந்து வருகிறவர்கள்.

இனி 2003க்கு வாருங்கள். அதற்கு முன்பே, 1984இல், போரினால் கப்பல் நின்றுபோயிற்று. போக வேண்டியவர்கள் போகவில்லை. 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியாவின் பங்கில் எஞ்சிய 94,000 பேரையும் இலங்கையே ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அப்படியும் தீரவில்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது, மனிதன் மலையில் இருந்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கச்சேரி, ஒரு படிவம், ஒரு கட்டணம், ஒரு அத்தாட்சி, ஒரு நாள் சம்பள இழப்பு. அதைத் தாண்ட முடியாமல் வருடக்கணக்காக ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள்.

2003 ஒக்டோபரில் பாராளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அப்படிப்பட்டவரின் வழித்தோன்றல், ஒரு பிரகடனப் படிவத்தைக் கொடுத்தால் போதும். கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தவருக்கு வேறொரு படிவம். அவ்வளவுதான். தேதியைக் கவனித்தீர்களா? எந்த நாளில் நம்மைக் கேட்காமல் பிரித்தார்களோ, அந்த நாளே நம் உரிமையின் எல்லைக் கல்லாயிற்று.

ஆனால் சட்டம் மட்டும் இதைச் செய்ததா? அப்படி நினைத்தால் நாம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள். அந்த ஆண்டு டிசெம்பரில் அரசாங்கமும் ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. மக்களைக் கச்சேரிக்கு வரச் சொல்லவில்லை. கச்சேரியை மக்களிடம் கொண்டுபோனார்கள். மலையகமெங்கும் நடமாடும் நிலையங்கள். ஒவ்வொன்றிலும் படிவம் நிரப்பத் தெரிந்த தொண்டர்கள். பத்து நாட்களில் 190,000க்கு மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றார்கள். பத்தே நாட்கள்! 39 வருடம் தீராத விஷயம் பத்து நாளில் தீர்ந்தது. என்ன வித்தியாசம்? 1964இல் நாம் மேசையின் மேல் இருந்தோம். 2003இல் மேசையின் முன்னால் நம் பிள்ளைகள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கென்று 1961இல் உருவான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை சேரவே இல்லை. சேராத நாடு அந்தச் சமவாயத்தின் நோக்கத்தைச் செய்து முடித்தது. கையெழுத்துப் போட்ட பல சமவாயங்களோ இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே கையெழுத்து மட்டும் போதாது என்பது மட்டுமல்ல, கையெழுத்து இல்லாத இடத்திலும் மக்கள் திரண்டால் காரியம் நடக்கும் என்பதும் நம் கண்முன்னே நிரூபணமான உண்மை.

சரி, இலங்கை எதில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறது? 1980 ஜூனில் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையிலும், பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் பற்றிய உடன்படிக்கையிலும் சேர்ந்தது. 1981இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயம். 1982இல் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் சமவாயம். 1991இல் சிறுவர் உரிமைச் சமவாயம். நாம் யாரும் எதிலும் குறை சொல்ல முடியாத பட்டியல்! ஆனால் நம் நாட்டுச் சட்ட முறையில் உடன்படிக்கை தானாகச் சட்டமாகிவிடாது. பாராளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும். 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் இதை மிகக் கடுமையாகவே சொல்லிவிட்டது. ஜெனீவாவில் கொடுத்த வாக்கைப் பதுளை நீதிமன்றத்தில் நேரே எடுத்துக் காட்ட முடியாது. அப்படியானால் அந்த வாக்கை யார் காப்பாற்ற வைப்பது? நீதிபதியின் கை கட்டப்பட்ட இடத்தில் நம் கை வேலை செய்ய வேண்டும்.

நம் தொழிலுக்கென்றே ஒரு சமவாயம் இருக்கிறது. இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. சர்வதேசத் தொழில் அமைப்பின் 110ஆம் இலக்கச் சமவாயம். பெருந்தோட்டங்கள் பற்றியது. 1958இல் உருவானது, 1995இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாடுகளே இதை ஏற்றிருக்கின்றன. அவற்றில் நம் நாடும் ஒன்று. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அதில் என்ன இருக்கிறது? சம்பளம் இருக்கிறது, சம்பளத்தோடு லீவு இருக்கிறது, வாராந்த ஓய்வு இருக்கிறது, பிரசவப் பாதுகாப்பு இருக்கிறது, வேலையில் அடிபட்டால் நட்டஈடு இருக்கிறது, சங்கம் அமைக்கும் உரிமை இருக்கிறது, வைத்திய வசதி இருக்கிறது. வீடு இருக்கிறது! வீட்டின் குறைந்தபட்சத் தரத்தை அதிகாரிகள் தாங்களாக முடிவு செய்யக் கூடாது, தொழிலாளர் அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. எந்தப் பொருளால் கட்டுவது, எவ்வளவு பரப்பு, காற்றோட்டம் எப்படி, சமைக்க இடம் எங்கே, துவைக்க இடம் எங்கே, தண்ணீர் எப்படி வரும், கழிவறை எப்படி இருக்கும் என்பது வரை அந்தத் தரம் பேச வேண்டும் என்கிறது. வேலையிலிருந்து நின்றவரை உடனே வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது, நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது.

இப்போது உங்கள் லயத்தை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. தகரத்தில் ஓட்டை. மழை பெய்தால் ஒரு பக்கம் சட்டி, ஒரு பக்கம் வாளி. 1995இல் ஏற்றுக்கொண்ட சமவாயம் அந்தக் காம்பராவுக்குள் நுழைந்ததா?

அதை நுழைய வைக்க வழி இருக்கிறது. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு சமவாயத்தையும் எப்படி நடைமுறைப்படுத்துகிறோம் என்று அரசாங்கம் சர்வதேசத் தொழில் அமைப்புக்குக் காலத்துக்குக் காலம் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையின் பிரதியைத் தொழிற்சங்கங்களுக்கும் கொடுக்க வேண்டும். சங்கங்கள் தங்கள் கருத்தைத் தனியாக எழுதி அனுப்பலாம். நிபுணர் குழு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும். அரசாங்கத்திடம் கேள்வி கேட்கும். கேள்வியும் பதிலும் அச்சில் வரும். தோழர்களே, நான் மனம் திறந்து கேட்கிறேன்: சந்தா வெட்டுவதற்கு ஒவ்வொரு தோட்டத்திலும் பட்டியல் வைத்திருக்கிறோம். ஒழுகும் காம்பராக்களுக்குப் பட்டியல் வைத்திருக்கிறோமா? ஒரு தோட்டத் தலைவர், ஒரு மாதர் சங்கத் தலைவி, உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பிள்ளைகள், ஒரு கொப்பி, ஒரு அளவு நாடா. ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யக்கூடிய வேலை இது. நமுனுகுலைச் சரிவில் ஒரு டிவிஷனில் அப்படி எழுதிய கொப்பி ஜெனீவாவில் ஒரு கேள்வியாக மாறலாம்.

இப்போது மனம் கனக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை, மீரியபெத்தை. காலை வேளை. சில பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட்டார்கள், சிலர் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். மலை வந்து லயங்களை மூடியது. பாடசாலையிலிருந்து திரும்பிய பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடமே தெரியவில்லை. தாய் தகப்பனைத் தேடிச் சேற்றின் விளிம்பில் நின்ற பிள்ளைகளை இந்த நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே தெரியாதா? தெரியும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களும் கேட்டறிந்திருந்தார்கள். பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது. எங்கே போவது? காணி அரசாங்கத்துடையது. குத்தகை கம்பனியுடையது. லயம் தோட்டத்துடையது. தொழிலாளிக்குச் சொந்தம் என்ன? எழும்பிப் போ என்று சொல்ல மூன்று பேர் உண்டு, இங்கே வந்து இரு என்று சொல்ல ஒருவரும் இல்லை. பொருளாதார, சமூக உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆம் உறுப்புரை ஒவ்வொரு மனிதனுக்கும் போதுமான வீட்டு வசதி உண்டு என்று சொல்கிறது. அதில் இலங்கை சேர்ந்து 34 வருடம் ஆன பிறகுதான் மீரியபெத்தை புதைந்தது.

மண் சரிந்த பிறகு நாடே திரண்டது. சிங்களக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பார்சல் வந்தது, வடக்கிலிருந்து லொறிகள் வந்தன, பள்ளிவாசல்களும் விகாரைகளும் கோயில்களும் தேவாலயங்களும் அள்ளிக் கொடுத்தன. அந்த நன்றியை நாம் மறக்க மாட்டோம். இரண்டு வருடம் கழித்து, 2016இல், மாக்கல்தெனியவில் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன. ஆனால் நான் கேட்பது 2011க்கும் 2014க்கும் இடைப்பட்ட மூன்று வருடத்தைப் பற்றி. அந்த எச்சரிக்கையின் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மாற்றுக் காணி எங்கே, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று வாராவாரம் பிரதேச செயலகத்தின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க நம்மில் ஒரு குழு இருந்திருந்தால்? நிவாரணம் கொடுக்கக் கூடுவது சிவில் சமூகத்தின் சுலபமான பாதி. நிவாரணம் தேவைப்படாதபடி முன்கூட்டியே நச்சரிப்பது அதன் கஷ்டமான பாதி. கைதட்டல் கிடைக்காத பாதி. அந்தப் பாதியில்தான் நாம் தோற்கிறோம்.

இன்று நம் கையில் 2011இல் இல்லாத ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எங்கள் டிவிஷன் மண்சரிவு அபாய வலயத்தில் இருக்கிறதா, எப்போது ஆய்வு செய்தீர்கள், அறிக்கையில் என்ன எழுதினீர்கள் என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். தகவல் கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களிலும், ஊவாவின் ஒவ்வொரு சரிவான தோட்டத்திலும், அடுத்த மாரிமழைக்கு முன் இந்தக் கேள்வி தமிழில் எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

தமிழில் என்று சொன்னேன். அந்த உரிமையும் ஓர் உடன்படிக்கையின் வழியாக வந்ததுதான். 1987 ஜூலை 29 இலங்கை-இந்திய ஒப்பந்தம். வடக்கு கிழக்குக்கான ஒப்பந்தம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். ஊவா மாகாண சபை எங்கிருந்து வந்தது? அதிலிருந்துதான். தமிழும் அரச கரும மொழி என்று 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் எழுதியது எதனால்? அதனால்தான். பின்னர் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இரு மொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன.

அறிவிப்பு வந்தது. ஆள் வந்தாரா? தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லாத மேசை முன்னால் நிற்கும் நம் தாயின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். அவர் பெயர் ராமாயி என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் ராமாயி. பிறப்புச் சான்றிதழில் ராமாய். சிங்களத்தில் எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்த அடையாள அட்டையில் ரமாய். ஐம்பத்தைந்து வயதில் வேலையிலிருந்து நிற்கிறார். சேமலாப நிதி கேட்டுப் போகிறார். மூன்று பெயரும் ஒருவர்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், தோட்டத்துரையின் கடிதம், சமாதான நீதவானின் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு பஸ் கூலி. முப்பத்தைந்து வருடம் கூடை சுமந்து சேர்த்த சொந்தக் காசு! பிறப்புப் பதிவே இல்லாதவர் பாடு இதைவிட மோசம். காலங்கடந்த பதிவுக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் வேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழோ ஜாதகமோ வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ்.

ஒவ்வொரு பிள்ளையும் பிறந்த உடனே பதிவு செய்யப்பட வேண்டும், பெயரும் பிரஜாவுரிமையும் பெற வேண்டும் என்று சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 7ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்த உறுப்புரை எங்கே உயிர் பெறுகிறது? நியூயோர்க்கில் இல்லை. நடமாடும் சேவை நாளில், பாடசாலை மண்டபத்தில், மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ‘அம்மா, உங்க பேரை நீங்க எப்படிச் சொல்லுவீங்க?’ என்று கேட்டு, எழுத்துக்கு எழுத்து சரி பார்த்து, பிறகு உத்தியோகத்தர் முன் நீட்டுகிற ஒரு தங்கையின் விரல் நுனியில் அது உயிர் பெறுகிறது. ஓர் எழுத்தை அவர் இன்று சரி பார்த்தால், நாற்பது வருடம் கழித்து ஒரு கிழவி பஸ் ஏற வேண்டியதில்லை.

நம்மால் சட்டத்தையும் மாற்ற முடியும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் பிரதேச சபை செலவு செய்யத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டுத் தோட்டத்துக்குள் வரலாம், பாதை போட வரக் கூடாது! பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு நடக்கிற பாதை அது. சமமான மனிதருக்குச் சமமான சேவை என்று அத்தனை உடன்படிக்கைகளும் சொல்வதற்கு நேர் விரோதமான பிரிவு. வருடக்கணக்காகக் கருத்தரங்குகளில், மனுக்களில், ஐ.நா.வுக்கு அனுப்பிய நிழல் அறிக்கைகளில் இது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அரசியல்வாதிகள் நிறைவேற்றினார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அதைக் காதில் ஓதிக்கொண்டே இருந்தவர்கள் பெயரில்லாத ஊழியர்கள்.

2021 நவம்பர் இறுதியில் ஐ.நா.வின் சமகால அடிமைத்தனம் பற்றிய விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா இலங்கைக்கு வந்தார். அடுத்த ஆண்டு மனித உரிமைப் பேரவைக்கு அவர் கொடுத்த அறிக்கையில் மலையகத் தமிழரின் சம்பளமும் குடியிருப்பும் இடம்பெற்றன. சில நாட்கள் மட்டும் வந்துபோன ஒரு ஜப்பானியப் பேராசிரியருக்கு நம் நிலை எப்படித் தெரியும்? சொல்ல ஆள் இருந்ததால் தெரியும். சொல்ல ஆள் இல்லாத இடம் எந்த அறிக்கையிலும் வராது. அறிக்கையில் வராத துன்பத்துக்கு எந்த அரசாங்கமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னவன் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது. நம் அமைப்புகளிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. லயத்துக்கு வந்து கேள்வித்தாள் நிரப்பிக்கொண்டு போகிறோம். கூட்டம் வைத்துப் படம் எடுக்கிறோம். அறிக்கை ஆங்கிலத்தில் அச்சாகிறது, நிதி கொடுத்தவருக்குப் போகிறது. கேள்விக்குப் பதில் சொன்ன தாய்க்கு என்ன திரும்பி வந்தது? அவர் சொன்னது அறிக்கையில் எப்படி எழுதப்பட்டது என்று அவருக்கு யாராவது வாசித்துக் காட்டினார்களா? திட்டக் காலம் முடிந்ததும் அலுவலகத்தை மூடிவிட்டுப் போகிறவர்களை நம்பி அவர் ஏன் இன்னொரு முறை வாய் திறக்க வேண்டும்? கேட்காமல் கையெழுத்துப் போட்ட அரசாங்கங்களைக் கண்டிக்கும் நாமே, கேட்காமல் அவர் பேரில் பேசுவது எந்த நியாயம்? ஆகவே மாதர் சங்கமும் மரண உதவிச் சங்கமும் கோயில் கமிட்டியும் இளைஞர் கழகமும்தான் எனக்கு முதல் சிவில் சமூகம். அவை நிதி முடிந்தால் மூடிக்கொண்டு போவதில்லை. போக முடியாது, அங்கேயே வாழ்கின்றன. நகரத்து அமைப்புகள் அவற்றுக்குப் பின்னால் நிற்கட்டும், முன்னால் அல்ல.

நாமே எல்லாவற்றையும் செய்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பாதை போடுவது பிரதேச சபையின் வேலை. காணி கொடுப்பது அரசாங்கத்தின் வேலை. லயத்தைப் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் வேலை. அவர்கள் வேலையை நாம் தோளில் ஏற்றிக்கொண்டால் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். தூங்க விடாமல் இருப்பதுதான் நம் வேலை.

நேரம் ஆகிவிட்டது, கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் இருக்கிறீர்கள். போகுமுன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். சட்டத்தரணி வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. அரச அதிகாரியால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரே மாதத்துக்குள் போக வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. நம்மவர்களில் பலர் அழுது முடிப்பதற்குள் அந்த ஒரு மாதம் போய்விடுகிறது. ஆனால் அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. இதை உங்கள் தோட்டத்தில் பெரட்டுக் களத்திலும் பிள்ளை மடுவத்திலும் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் நாளைக்கே சொல்லுங்கள். தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.